ரோஜா சவுண்ட்ஸின் மூன்றாவது குமிழ்

பேச்சுச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டா, உண்டென்றால் அது எங்கே இருக்கிறது என்று படித்தவர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கோர்ட்டில் வாதாடுகிறார்கள், டிவியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துகிறார்கள். ஒருத்தராவது மட்டாஞ்சேரிக்கு வந்து சுப்புராஜைக் கேட்டிருக்கக் கூடாதா? அவர் விரலை நீட்டிக் காட்டியிருப்பார். அந்த எல்லை அவருடைய ஆம்ப்ளிஃபயரில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது குமிழில் இருந்தது.

சுப்புராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. மேற்குக் கொச்சியில் மைக் செட் வைத்திருப்பவர். கட்சிக் கூட்டம், கோயில் உற்சவம், மசூதி நேர்ச்சை, மாதா கோயில் பெருநாள், எதுவானாலும் அவருடைய மைக்தான். காலையில் ஒரு கட்சி ‘ஒழிக’ என்று தொண்டை கிழியக் கத்தும். ஒழிய வேண்டிய கட்சி சாயங்காலம் அதே மைக்கில் வந்து, இவர்கள் ஒழிய வேண்டும் என்று கத்தும். இரண்டு பேர் எச்சிலையும் ஒரே துணியால் துடைத்துவிட்டு சுப்புராஜ் சாயா குடிக்கப் போவார். ஊரில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது.

அவருடைய தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கென்று இங்கே கூட்டிவரப்பட்டவர். அப்பா முனியாண்டியும் சாகும்வரை இந்தத் தெருக்களைத்தான் கூட்டினார். சுப்புராஜ் மட்டும் துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டு, மைக் கடையில் பெட்டி தூக்கி, மெல்ல மெல்லச் சொந்தமாக ஒரு செட் சேர்த்தார். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி மேல் இருந்த ஆசையில், பெட்டிகள் அத்தனையிலும் சிவப்புப் பெயிண்டால் ‘ரோஜா சவுண்ட்ஸ்’ என்று எழுதிவைத்தார். மலையாள எழுத்தில்தான் எழுதினார், இங்கே தமிழில் எழுதினால் யார் படிப்பது? கோவில்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த ரோஜாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியவே இரண்டு வருஷம் ஆனது.

மாமனார் முனியாண்டி செத்தபோது அந்தத் துப்புரவு வேலை குடும்பத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். சபதம் போட்ட சுப்புராஜ் கௌரவமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜா எழுந்து துப்புரவுக்காரர்கள் போடுகிற பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். அதற்கும் ஆயிற்று பதினாறு வருஷம். காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணிவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு, சந்து சந்தாகக் குரல் கொடுத்து, வீட்டு வாசலில் குப்பை வாங்குகிற வேலை.

அது கிடக்கட்டும், குமிழுக்கு வருவோம். சுப்புராஜ் பிறக்கும்போதே குமிழைத் திருகிக்கொண்டு பிறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தோப்பும்படியில் ஒரு கூட்டம். பேச வந்தவர் எதிர்க்கட்சித் தலைவரின் செத்துப்போன தகப்பனாரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். கல் பறந்தது. சொன்ன மனுஷன் பின்பக்கமாகக் கார் ஏறிப் போய்விட்டார். வந்த கல் சும்மா திரும்புமா? ஒன்று கூம்பு மாதிரி இருக்கும் கோளாம்பி ஸ்பீக்கரின் வாயைப் பிளந்தது, இன்னொன்று சுப்புராஜின் புருவத்தைப் பிளந்தது. நாலு தையல்.

பிறகு போலீஸ் வந்தது. கலவரத்தைத் தூண்டியது யார் என்று ஆராய்ந்தது. தூண்டும்படியான சத்தம் இதிலிருந்துதானே வந்தது என்று ஆம்ப்ளிஃபயரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியது. பேசியவருக்கு மூன்றாம் நாளே ஜாமீன் கிடைத்தது, அடுத்த வருஷம் ஏதோ ஒரு வாரியத்தின் தலைவரும் ஆனார். ஆம்ப்ளிஃபயர் மட்டும் பதினாலு மாசம் ஸ்டேஷனில் கிடந்தது. வெளியே வந்தபோது உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தையல் போட்டபோது அழாத சுப்புராஜ், அதைத் திறந்து பார்த்து அழுதார்.

அன்றைக்குத்தான் அவருக்குத் தொழில் பிடிபட்டது. பேசுகிறவன் எதையும் பேசிவிட்டுப் போவான், கல் வருவது மைக் செட்காரனுக்கு. அப்படியானால் எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று பார்க்க வேண்டியவன் யார்? சுப்புராஜ் பேச்சாளர்களைக் கவனிக்கத் தொடங்கினார். ஏடாகூடமாக ஏதோ சொல்லப் போகிற மனுஷன் முதலில் உதட்டை நக்குவான். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டுவான். மேடையிலிருக்கும் மற்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அவன் வாயைத் திறக்குமுன்பே சுப்புராஜின் விரல் மூன்றாவது குமிழை இடப்பக்கம் திருகிவிடும். நாலைந்து வார்த்தை காற்றோடு போகும். பிறகு குமிழ் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கூட்டத்துக்குக் கேட்பது இவ்வளவுதான்: “அந்த மனுஷனுடைய... நாடே அறியும்!” விட்டுப்போன இடத்தை அவரவர் இஷ்டம்போல் நிரப்பிக்கொண்டு விழுந்து விழுந்து கைதட்டினார்கள். மைக்குக்கு இருமல், பாவம், பழைய செட் என்று ஊர் சொன்னது. கூட்டம் நடத்துகிறவர்களுக்கு விஷயம் தெரியும். “சுப்புவே, அந்த இருமுற மைக்கையே கொண்டு வா, கேட்டோ” என்று சொல்லியே புக் பண்ணினார்கள்.

சரி, பேசுகிறவனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அங்கேதான் சுப்புராஜின் மூளை. மூன்றாவது குமிழ் ஜனங்கள் பக்கம் இருக்கிற பெட்டிகளுக்கு மட்டும். மேடையில் பேசுகிறவனின் காலடியில், அவனைப் பார்த்தபடி ஒரு பெட்டி இருக்கும், மேடைப் பெட்டி. அதை அவர் ஒருநாளும் குறைத்தது கிடையாது, சொல்லப்போனால் கொஞ்சம் கூட்டியே வைப்பார். வெளியே ஈ பறக்கிற சத்தம் கேட்கும்போது, மேடையில் அவன் சிங்கமாய்க் கர்ஜிப்பது அவன் காதிலேயே திரும்பி விழும். மனசு நிறைந்து இறங்கிப் போவான். இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சாளர்கூட என் பேச்சை வெட்டிவிட்டாய் என்று புகார் சொன்னதில்லை. பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்குக் கேட்டால் போதும் போலிருக்கிறது.

இதை ஒருநாள் சோறு தின்னும்போது ரோஜாவிடம் பெருமையாகச் சொன்னார்.

“அப்ப அந்த ஆளு என்னதான் சொன்னாரு?” என்று கேட்டாள் ரோஜா.

“யாருக்குத் தெரியும்? தெரியாம பாத்துக்கறதுதான் நம்ம ஜோலி.”

“பாவம் அந்த ஆளு.”

“எதுக்குப் பாவம்? அவருக்கு நல்லாத்தான் கேக்குது. பெட்டி அவரு காலடியிலதானே இருக்கு!”

ரோஜா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, “நல்ல ஆளுதான் நீங்க” என்றாள். அதைப் பாராட்டு என்று சுப்புராஜ் எடுத்துக்கொண்டார்.

இனி ராமபத்ரன் சார். கல்லூரியில் சொற்பொழிவாற்றி ஓய்வு பெற்று, ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தாதவர். நாட்டில் பேச்சுச் சுதந்திரத்தின் கழுத்து நெரிபடுகிறது என்று அவருக்கு ராத்திரி தூக்கமில்லை. அதற்காக ஒரு கமிட்டி போட்டு, மட்டாஞ்சேரிச் சந்தை முனையில் ஒரு காலி இடத்தைப் பிடித்து, மேடை கட்டி, ‘பேச்சு முற்றம்’ என்று பெயர் வைத்தார். வாசலில் பெரிய பலகை: ‘இங்கே எவரும் எதையும் அச்சமின்றிப் பேசலாம்’. அதற்குக் கீழே பொடி எழுத்தில், பேச்சின் மூன்று பிரதிகளைப் பதினைந்து நாள் முன்னதாகக் கமிட்டியில் ஒப்படைக்க வேண்டும் என்றும், தனி மனிதர்களையோ கமிட்டியையோ குறிப்பிடக் கூடாது என்றும், இன்னும் ஒன்பது விஷயங்களும் இருந்தன. ஒன்பதையும் குனிந்துதான் படிக்க வேண்டும்.

முற்றத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம் உண்டு. குப்பை வண்டி தள்ளுகிற பதினோரு பெண்களுக்கென்று கட்டியது. ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், கோட்டு மாட்ட ஆணி, அவ்வளவுதான். பெரியவர்கள் வந்து பேசும் இடத்தில் பின்னால் கக்கூஸ் இருப்பது அசிங்கம் என்று கமிட்டிக்குப் பட்டது. அதே பெரியவர்களுக்கும் அவசரம் வருமே என்றும் பட்டது. ஆகவே ஆணிகளைப் பிடுங்கி, சோபா போட்டு, கண்ணாடி மாட்டி, விருந்தினர் அறை ஆக்கிப் பூட்டினார்கள். சாவி ராமபத்ரன் சாரின் ஜிப்பாப் பையில். முற்றம் திறக்கவே ஏழு மாசம் ஆயிற்று, ஒரு விருந்தினரும் வந்தபாடில்லை. அறை மட்டும் ஏழு மாசமும் வாசனையாக இருந்தது.

பதினோரு பெண்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கோட்டோடு எந்த ஹோட்டலில் உள்ளே விடுகிறான்? வாசலில் வந்து குப்பையைக் கையில் கொடுக்கிற வீட்டில், உள்ளே வந்து போய்க்கோ என்று யார் சொல்கிறார்கள்? ரோஜா சுலபமான வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலேஜில் படிக்கிற மகள் மஞ்சுஷா தினமும் காலையில் பாட்டிலை நிறைத்துக் கொடுப்பாள். மத்தியானம் அது நிறைந்தபடியே திரும்பி வரும். இரண்டு தடவை நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் கிருமி என்றார்கள். தண்ணீர் குடிக்காமல் செத்துப்போகப் போகிறாயா என்று டாக்டர் சத்தம் போட்டார். “குடிக்கலாம் டாக்டர். குடிச்சிட்டு?” என்று ரோஜா கேட்டதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

ரோஜாவும், கூட வேலை செய்யும் சீனியம்மாளும் போய் ராமபத்ரன் சாரைப் பார்த்தார்கள். சாருக்கு உருகிவிட்டது.

“இதான் நான் தேடின சப்தம்!” என்றார். “சாமானியரின் குரல்! ரோஜா, திறப்பு விழாவில அஞ்சு மினிட்டு உனக்கு. எழுதித் தா.”

“சாவி தந்தா மதி சார், வேறொண்ணும் வேண்டாம்” என்றாள் சீனியம்மாள்.

“சாவியெல்லாம் சின்னக் காரியம். முதலில் சப்தம் உயரணும்.”

மஞ்சுஷா அம்மாவுக்காக இரண்டு பக்கம் மலையாளத்தில் எழுதினாள். ஆத்திரத்தில் எழுதினாலும் நன்றாகவே எழுதினாள். தாள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. கக்கூஸ் என்று வந்த இடமெல்லாம் ‘சபைக்கு உசிதமல்ல’. சாவி என்று வந்த இடத்தில் ‘கமிட்டியைக் குறிப்பிடுகிறது’. காய்ச்சல் வந்ததை ‘தனிப்பட்ட விஷயம்’ என்று அடித்திருந்தது. எல்லாம் போக மிஞ்சியது: சபையோருக்கு வணக்கம், என் பெயர் ரோஜா, பதினாறு வருஷமாக இந்த ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், இந்த மேடைக்கு நன்றி.

“அம்மா, இதுல பாத்ரூம் எவிட?” என்று கத்தினாள் மஞ்சுஷா. “பேச்சுச் சுதந்திரம்னு போர்டு வச்சிட்டு இந்த ஆளு செய்யுறதைப் பாத்தியா?”

“விடுடி. தாள்லதானே வெட்டுனாரு” என்றாள் ரோஜா. “நீ எனக்கு இதை வாசிச்சுக் காட்டு. நான் மனசுல வச்சுக்கறேன்.”

ரோஜா எதை மனசில் வைத்துக்கொண்டாள் என்று சுப்புராஜ் யோசித்திருக்க வேண்டும். அவருக்கு வேறு யோசனை. விழாவுக்கு மைக் அவர்தான். அதோடு, இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் முற்றத்தில் கூட்டம், வருஷம் முழுக்க அவருடைய செட் என்று ராமபத்ரன் சார் வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின நாள் சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். சார் தோளில் கை வைத்தால் ஏதோ சுமை ஏறப்போகிறது என்று அர்த்தம்.

“சுப்பு, நாளைக்கு உன் பார்யை பேசுறா. சந்தோஷம். தாளில உள்ளது மட்டும் பேசட்டே. தாளை விட்டுப் போனா... உன் மைக்குக்கு வயசாச்சில்லே? இருமுமில்லே?”

சுப்புராஜ் தலையைச் சொறிந்தார்.

“அவளுடைய நன்மைக்குத்தான் சொல்றேன். வேலைக்கு ஒண்ணும் வரக் கூடாதில்லே. பின்னே, அவளைக் கோட்டு போட்டுட்டு வரச் சொல்லு, கேட்டோ. போட்டோவில அதான் பாக்க நல்லாருக்கும்.”

“சரி சார்” என்றார் சுப்புராஜ். வீட்டில் வந்து கோட்டு விஷயத்தை மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. விழாத் தலைப்பு, ‘பேச்சுச் சுதந்திரம்: எல்லை எங்கே?’ முதலில் பேசியவர் எதற்கும் எல்லையே கூடாது என்றார். பத்து நிமிஷம் கொடுத்திருந்தது, நாற்பது நிமிஷம் பேசித் தன் கட்சியை நிரூபித்தார். அடுத்தவர் எல்லை கட்டாயம் வேண்டும் என்றார். அவருக்கு முப்பத்தைந்து நிமிஷம் போதவில்லை. கலூரிலிருந்து வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, போனிலேயே வாழ்த்து சொன்னார். சுப்புராஜுக்கு வேலையே இல்லை. யாரும் உதட்டை நக்கவில்லை, யாரும் வேட்டியை மடித்துக் கட்டவில்லை. சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது குறைக்கும்படி ஒரு வார்த்தைகூட வருவதில்லை.

பிறகு ரோஜாவைக் கூப்பிட்டார்கள். பச்சைக் கோட்டோடு மேடையேறினாள். போட்டோ எடுத்தார்கள். கடைசி வரிசையில் சீனியம்மாளும் மற்ற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சாயாக்கடை யூசுப் இக்கா கண்ணாடி டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மஞ்சுஷா முதல் வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

ரோஜா தாளைப் பார்க்கவே இல்லை. பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக வணக்கம் சொன்னாள், பெயர் சொன்னாள், பதினாறு வருஷம் என்றாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

“இந்த மேடைக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு” என்றாள்.

ராமபத்ரன் சார் சுப்புராஜைப் பார்த்தார். லேசாக ஒரு தரம் இருமினார்.

கை தானாகப் போயிற்று என்று பிற்பாடு சுப்புராஜ் எல்லோரிடமும் சொன்னார். பொய். கை தானாகப் போகவில்லை. வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தார், ஸ்டேஷனில் கிடந்த ஆம்ப்ளிஃபயரை நினைத்தார், அவள் வேலையையும் நினைத்தார், அவள் நன்மைக்குத்தான் என்று தனக்கே ஒரு தரம் சொல்லிக்கொண்டார். இத்தனையும் நினைக்க நேரம் இருந்தது. நினைத்து முடித்துத்தான் மூன்றாவது குமிழை இடப்பக்கம் திருகினார்.

ரோஜா பேசிக்கொண்டிருந்தாள். கதவைப் பற்றி, பூட்டைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி. காலடியில் இருந்த பெட்டி அவள் குரலை அவளுக்குக் கணீரென்று கொடுத்துக்கொண்டிருந்தது. சுப்புராஜுக்குப் பெட்டியின் சத்தம் மங்கலாகக் கேட்டது. ‘தண்ணி குடிக்காம’ என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஏழு மாசமாகப் பாட்டில் நிறைந்து திரும்புவதை அவரும்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தாகமில்லை போலும் என்று இருந்திருக்கிறார். சீ, என்ன மனுஷன் நான் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. குமிழைத் திருப்ப மட்டும் தோன்றவில்லை.

கடைசி வரிசையில் சீனியம்மாள் கையை விரித்து என்ன, என்ன என்று கேட்டாள். யூசுப் இக்கா காதில் கை வைத்தார். ரோஜா அதைக் கவனித்தாள். பேச்சை நிறுத்தினாள். காலடிப் பெட்டியைப் பார்த்தாள். தன் பெயர் எழுதிய பெட்டி. பிறகு தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள்.

திட்டியிருந்தால் சுப்புராஜுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. மைக்கைக் கழற்றி அந்தப் பெட்டி மேல் படுக்க வைத்தாள். படியிறங்கி, முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றாள். மைக் இல்லாமல் ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே தினமும் தொடங்குகிற மாதிரியே தொடங்கினாள்.

“சேச்சியேய்ய்... வேஸ்ட்டேய்ய்!”

மூன்று மாடி ஏறிப்போகிற குரல் அது. மிக்ஸி ஓடுகிற சமையலறைக்குள் போகிற குரல். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கவிஞர் திடுக்கிட்டு எழுந்து கைதட்டினார். மேலே ஜன்னல் திறந்தது. சந்துக்குள் ஒரு கதவு, பிறகு இன்னொரு கதவு. பழக்கதோஷம், வேறென்ன! காலையில் வண்டிக்குக் கொடுக்க மறந்தவர்களும், மத்தியானம் மீன் கழுவியவர்களும், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றத்தின் வாசலில் இருபது முப்பது பெண்கள், ஆளுக்கொரு வாளியோடு.

“என்ன ரோஜா, சாயங்காலமும் வண்டி உண்டோ?” என்று கேட்டார் இரண்டாம் மாடி அம்ருதா டீச்சர். அவர் வாளியில் மத்திமீன் தலைகள் இருந்தன.

“வண்டி இல்ல டீச்சர்” என்றாள் ரோஜா. அதே குரல், ஒரு பிடி குறையவில்லை. “எனக்கு ஒண்ணுக்குப் போகணும். ஏழு மாசமாப் போகணும்.”

மேலே இன்னும் இரண்டு ஜன்னல் திறந்தது.

“உங்க வீட்டு வாசல்ல தினமும் வந்து நிக்குறேன். உங்க பிள்ளைக்கு வயித்துக்கடுப்புன்னா எனக்குத் தெரியும், வாளியிலேயே தெரியும். எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? நாங்க பதினோரு பேரு. எங்களுக்குன்னு கட்டுன கக்கூஸ் அதோ இருக்கு. பூட்டி சோபா போட்டிருக்கு. பூட்டோட சாவி சாருடைய பையில இருக்கு. இதை எழுதிக் கொடுத்தேன், வெட்டிட்டாங்க. மைக்ல சொன்னேன், அதையும்...” அவள் அங்கே ஒரு நொடி நிறுத்தினாள். சுப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். “அதையும் வெட்டிட்டாங்க. தண்ணி குடிக்க பயந்துகிட்டு வேலை செய்யுறேன் டீச்சர். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.”

ராமபத்ரன் சார் எழுந்து, “ரோஜா, சமயம் கழிஞ்சு!” என்றார். அது எடுபடவில்லை. சுப்புராஜைப் பார்த்து, பாட்டு போடு, ஏதாவது போடு என்று விரலைச் சுழற்றிச் சைகை காட்டினார். ஒரு பாட்டைப் போட்டுக் குமிழை வலப்பக்கம் முழுக்கத் திருகினால் போதும், ரோஜாவின் குரல் அதில் முழுகிப்போகும். சுப்புராஜ் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷத் தொழில் வாழ்க்கையில் அவர் செய்த ஒரே வீரச்செயல் இந்தச் சும்மா இருந்ததுதான். அதுவும் பிந்தித்தான் வந்தது.

அம்ருதா டீச்சர் வாளியோடு நேரே மேடைக்கு நடந்தார். மற்றப் பெண்களும் பின்னால் நடந்தார்கள். வாளி வாசனை அவர்களுக்கு முன்னால் நடந்தது. எல்லையே கூடாது என்று பேசியவர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

“சாவி எவிடே சாரே?” என்றார் டீச்சர்.

“இதெல்லாம் கமிட்டியில சர்ச்சை செய்து...”

டீச்சர் வாளியை மேஜை மேல், பூங்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கமிட்டியின் சர்ச்சை அத்தோடு முடிந்தது. சாவி ஜிப்பாப் பையிலிருந்து வெளியே வந்து ரோஜாவின் கைக்குப் போனது.

ஆனால் ராமபத்ரன் சார் சாமானியரா? சாவி கைமாறின மறுநொடி, பெட்டி மேல் கிடந்த மைக்கை எடுத்துவிட்டார். “சகோதரிகளே! இந்த முற்றம் பிறந்ததே இந்த நிமிஷத்துக்காகத்தான்” என்று தொடங்கினார். உழைக்கும் பெண்களுக்குச் சாவியை ஒப்படைப்பது தன் வெகுநாள் கனவு என்றார். மேடைப் பெட்டி அதிர்ந்தது. குமிழ் இன்னும் இடப்பக்கமே இருந்ததால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஆளை இப்படியே விட்டுவிட வேண்டியதுதான் என்று சுப்புராஜ் பல்லைக் கடித்தார். யாரும் சொல்லாமல், தன் சொந்த விருப்பத்துக்கு ஒருவர் பேச்சை அடக்குவது அவருக்கு அதுவே முதல் தடவை. சுகமாகத்தான் இருந்தது.

பின்பக்கம் போக ரோஜா சுப்புராஜைக் கடந்துதான் போக வேண்டும். நின்றாள். குமிழைப் பார்த்தாள்.

“கூட்டி வைங்க. அந்த ஆளு பேசட்டும்.”

“அவரு சொல்றது பொய்யாச்சே!”

“சொல்லட்டும். எல்லாரும் முழுசாக் கேக்கட்டும், நாளைக்குக் காலையில சிரிக்கணுமில்ல” என்றாள். “சாவி எங்கிட்ட இருக்கு.”

சுப்புராஜ் குமிழைத் திருப்பினார். ராமபத்ரன் சார் இருபத்து மூன்று நிமிஷம் பேசினார், ஒரு எழுத்து விடாமல் சந்தை முனைவரை கேட்டது. வண்டி தள்ளுகிற பெண்கள் அதைக் கேட்டபடியே பின்பக்கம் வரிசையில் நின்றார்கள். முதலில் சீனியம்மாள் போனாள்.

மூன்றாம் நாள் வீட்டில் சோறு போடும்போது ரோஜா கேட்டாள்.

“எதுக்குக் குறைச்சீங்க?”

“உன் வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதேன்னுதான்...”

“என் வேலைக்கா பயந்தீங்க, உங்க வேலைக்கா?”

மஞ்சுஷா தட்டிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு இருமுகிற மைக் ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. சுப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குத்தான் பயந்தேன்” என்றார். ரோஜா குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அவர் மேடைப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி எங்கோ கொண்டு போனார். அதிலிருந்து ரோஜா சவுண்ட்ஸின் கூட்டங்களில் மேடைப் பெட்டி கிடையாது. பேசுகிறவர்கள் இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, என் சப்தம் எனக்கே கேக்கலியே என்று கோபிக்கிறார்கள். “ஜனங்களுக்குக் கேக்குது சார்” என்கிறார் சுப்புராஜ். அதைவிடப் பெரிய குறையை அவரிடம் யாரும் இதுவரை கண்டதில்லை. புக்கிங் பாதியாகக் குறைந்துவிட்டது. ராமபத்ரன் சாரின் பேச்சு முற்றத்துக்கு இப்போது வேறு செட் வருகிறது, அது இருமுவதில்லையாம், வேண்டாத வார்த்தை வந்தால் ஆள் தேவையில்லாமல் தானே நின்றுவிடுமாம்.

அந்த மேடைப் பெட்டி முற்றத்தின் பின்பக்கக் கட்டடத்தின் வாசலில் கிடக்கிறது. சோபாவைக் கமிட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதால், உட்கார்ந்து பூட்ஸ் கழற்றப் பெண்களுக்கு ஒரு பலகை வேண்டியிருந்தது. பதினோரு மணிக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ரோஜா தன் பெயர் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள். மத்தியானம் பாட்டில் காலியாக வீட்டுக்கு வருகிறது. அதைக் கழுவி வைப்பது சுப்புராஜ்.